மாணிக்கக் குழிக்குள் இறங்கும் இயந்திரப் புகை

இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளில் நீர் இறைக்கும் பெற்றோல் பம்பிகளுக்கும், நாற்பது ஐம்பது வருடங்களுக்கு முன்னர் தயாரிக்கப்பட்டு இன்றும் வெளிநாடுகளில் பறந்துகொண்டிருக்கும் சிறிய ரக விமானங்களுக்கும் இடையே என்ன தொடர்பு இருக்க முடியும் என வாசகர்கள் கேட்கக்கூடும். இரண்டையும் இயக்குவது அடிப்படையில் ஒரே வகை இயந்திரமேயாகும். எரிபொருள் எரிந்து வெளியேறும் புகையை, மனிதன் சுவாசிக்கும் இடத்திலிருந்து பிரித்து வைத்திருப்பது இரண்டிலுமே ஒரு மெல்லிய உலோகக் குழாய்தான். அக்குழாயில் மயிரிழை அளவு வெடிப்பு ஏற்பட்டாலும் போதும், நிறமோ மணமோ இல்லாத காபனோரொட்சைட்டு வாயு கசிந்து உள்ளே வந்துவிடும். விமானத்துறை இப்பாடத்தைப் பல உயிர்களைப் பறிகொடுத்துக் கற்று, ஒரு பகுதியையேனும் சட்டமாக்கியுள்ளது. எமது சப்ரகமுவ மாகாணத்திலோ அதே வாயுவினால் நேரும் மரணங்கள், "குழிக்குள் மூச்சுத்திணறிப் பலி" என்ற இரண்டு வரிச் செய்தியோடு முடிந்துபோகின்றன. அச்செய்திகளை வெளியிட்டு வந்தவர்கள் என்ற முறையில், அவ்விரண்டு வரிகளுக்கு அப்பாலும் சிலவற்றைக் கூறவேண்டியுள்ளது.

2019 ஜனவரி 21 ஆம் திகதி இரவு, பிரான்சின் நாந்த் நகரிலிருந்து பிரிட்டனின் கார்டிஃப் நகருக்குச் சென்றுகொண்டிருந்த பைப்பர் மலிபு ரக விமானம் ஆங்கிலக் கால்வாயில் வீழ்ந்தது. ஆர்ஜென்டீனாவின் உதைபந்தாட்ட வீரர் எமிலியானோ சாலாவும் விமானியும் அதில் உயிரிழந்தனர். 1984 ஆம் ஆண்டு தயாரிக்கப்பட்ட விமானம் அது. சாலாவின் குருதியைப் பரிசோதித்தபோது, அவரது ஈமோகுளோபினில் 58 வீதம் காபனோரொட்சைட்டுடன் பிணைந்திருந்தமை தெரியவந்தது. ஆரோக்கியமான ஒருவரின் உயிரைப் பறிக்கக்கூடிய அளவு அது. விமானியும் அவ்வாயுவினால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என 2020 மார்ச்சில் வெளியான பிரித்தானிய விபத்து விசாரணை அறிக்கை முடிவு செய்தது. விமானத்தின் சிதைவுகள் கடலடியிலிருந்து மீட்கப்படாததால், குழாயின் எந்த இடத்தில் கசிவு ஏற்பட்டது என்பதை உறுதிப்படுத்த இயலவில்லை.

இவ்வகை விமானங்களில் புகைக்குழாய் இத்தனை ஆபத்தானதாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பழைய சிறு விமானங்கள் பலவற்றில் பயணிகளுக்கு வெப்பமூட்டுவதற்கெனத் தனியான அடுப்பு கிடையாது. இயந்திரத்தின் சைலன்சரைச் சுற்றி ஒரு தகட்டு உறை போடப்பட்டிருக்கும். வெளிக்காற்று அவ்வுறைக்குள் புகுந்து, சூடான சைலன்சரின் மேற்பரப்பைத் தழுவிச் சென்று, இளஞ்சூடாகப் பயணிகள் அறைக்குள் வரும். சைலன்சரின் தகடு முழுமையாக இருக்கும்வரை எந்தப் பாதகமும் இல்லை. தகடு வெடித்தால், பயணிகள் குளிருக்கு இதமாகத் திறந்துவிடும் காற்றுடன் நஞ்சும் சேர்ந்தே வரும். நூற்றுக்கணக்கான பாகை வெப்பத்தில் சூடேறுவதும், தரையிறங்கியபின் ஆறுவதுமாகப் பல்லாயிரம் தடவை விரிந்து சுருங்கிய உருக்குத் தகடு ஒருநாள் களைத்துப்போவது இயற்கையே. முதலில் பழுதுபடுபவை சிலிண்டரோடு குழாய் சேருமிடத்திலுள்ள கஸ்கட்டுகள், வெல்டிங் செய்யப்பட்ட மூட்டுகள், ஒன்றினுள் ஒன்று நுழையும் இணைப்புகள் ஆகியவையாகும்.

இவற்றைப் பழுதுபார்க்கும் முறையில் நாம் கவனிக்க வேண்டிய விடயங்கள் உண்டு. அனுபவமுள்ள விமான இயந்திரவியலாளர் மேலுறைத் தகட்டைக் கழற்றியதும் முதலில் தேடுவது ஓட்டையை அன்று, கறையையே தேடுவார். கசியும் மூட்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் அல்லது வெண்மையாக மாவு பூசியதுபோல ஒரு படிவு காணப்படும். பின்னர் தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் காற்று வெளித்தள்ளும் முனையைப் புகைக்குழாயின் வாயில் பொருத்தி, மெதுவான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, மூட்டுகளின் மீது சவர்க்கார நீரைப் பூசுவார். குமிழி எழும் இடமே கசியும் இடம். எமது ஊரில் சைக்கிள் ரியூப்பைத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்கும் அதே தத்துவம்தான். வெடிப்பைக் கண்டதும் அதைச் சுற்றிச் சாதாரண பென்சிலால் ஒரு வட்டம் போடுவதற்கும் அங்கு தடை உண்டு. சூடேறும்போது பென்சில் கீறலிலுள்ள காபன் உலோகத்துக்குள் ஊறி, அதே கோட்டில் புதிய வெடிப்பை உண்டாக்கிவிடும். நாகமுலாம் பூசிய கருவிகளைக்கூடப் புகைக்குழாயில் படவிடக் கூடாது என்பது விதி.

பழுதடைந்த சைலன்சரை அந்த இடத்திலேயே வெல்டிங் செய்து ஒட்டுப்போடுவதை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகத்தின் பழுதுபார்ப்பு வழிகாட்டிகள் ஊக்குவிப்பதில்லை. புதியதையோ, தகுதிபெற்ற தொழிற்கூடத்தில் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டதையோ பொருத்துமாறே அவை அறிவுறுத்துகின்றன. பழைய தகட்டின் உலோகக் கலவை எது என்பதைச் சரியாக அறியாமல் போடும் வெல்டிங், ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த வெடிப்பைத் தோற்றுவிக்கும் என்பதே அதற்கான காரணம். பழைய விமானங்களைப் பிள்ளைகளைப்போலப் பராமரிக்கும் ஆர்வலர்களுக்கு இது கசப்பான அறிவுரைதான். உதிரிப்பாகம் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை அதிகம். இருந்தபோதிலும் விதி விதியே.

சைலன்சரோடு மட்டும் விடயம் முடிவதுமில்லை. 2017 டிசம்பர் 31 ஆம் திகதி, அவுஸ்திரேலியாவின் சிட்னிக்கு வடக்கே ஹோக்ஸ்பரி ஆற்றில் ஒரு கடல் விமானம் வீழ்ந்து அதிலிருந்த 6 பேரும் உயிரிழந்தனர். 1963 இல் தயாரிக்கப்பட்ட டி ஹவிலண்ட் பீவர் ரக விமானம் அது. இயந்திரத்தின் புகை சேர்க்கும் வளையத்தில் ஏற்கெனவே வெடிப்புகள் இருந்ததையும், இயந்திரப் பகுதிக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலுள்ள தீத்தடுப்புச் சுவரில் மூன்று திருகாணிகள் இல்லாதிருந்ததையும் விசாரணையாளர்கள் கண்டறிந்தனர். அந்த மூன்று சிறு துவாரங்களின் வழியாகவே நஞ்சு உள்ளே சென்றிருக்க வேண்டும் என்பது அவர்களது முடிவாகும். விமானத்தினுள் எச்சரிக்கைக்கென ஒட்டப்பட்டிருந்தது, வாயு பட்டால் நிறம் மாறும் சிறிய அட்டை மாத்திரமே. வெயில் பட்டு வெளிறிப்போன அவ்வட்டையினால் பயன் குறைவாகவே இருந்திருக்கும். அட்டை நிறம் மாறியிருந்தாலும், விமானி அதைத் திரும்பிப் பார்த்தால்தானே!

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் கணக்குப்படி, 1982 முதல் 2020 வரையான காலத்தில் அந்நாட்டில் 31 விமான விபத்துகளுக்குக் காபனோரொட்சைட்டு நஞ்சூட்டம் காரணமாக இருந்துள்ளது. அவற்றில் 42 பேர் உயிரிழந்தனர். ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவியைக் கட்டாயமாக்குமாறு அச்சபை 2004 இலும் மீண்டும் 2022 இலும் கேட்டுக்கொண்டது. பிரிட்டனிலோ 2025 ஜனவரி 1 ஆம் திகதி முதல், பிஸ்டன் இயந்திரமுள்ள விமானத்தில் விமானி அல்லாத பயணிகளை ஏற்றிச் செல்வதாயின் இத்தகைய கருவி இருந்தாகவேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சாலாவின் பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு, விமானத்தின் பாதுகாப்புக்குக் குந்தகம் விளைவித்த குற்றத்திற்காக 2021 இல் 18 மாதச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது. தண்டிக்கப்பட்டது விமானம் ஓட்டியவர் அல்லர் என்பது கவனத்திற்குரியது.

இனி எமது மாவட்டத்துக்கு வருவோம். மாணிக்கம் கிடைப்பது நிலத்தின் கீழே ‘இல்லம்’ என அழைக்கப்படும் சரளைப் படையிலாகும். சில இடங்களில் ஓர் ஆள் உயரத்திலேயே அது அகப்படும். வேறு சில இடங்களில் ஐம்பது, நூறு அடிவரை இறங்க வேண்டும். வயலோரத்திலும் ஆற்றோரத்திலும் தோண்டப்படும் குழிகளில் நீர் ஊறிக்கொண்டேயிருக்கும். அதை இடைவிடாது இறைத்தால்தான் வேலை நடக்கும். இங்குதான் பௌதிகவியலின் ஒரு சிறு விதி மனித உயிருடன் விளையாடுகிறது. மேலே நின்று உறிஞ்சும் எந்தப் பம்பியாலும் நடைமுறையில் ஏறத்தாழ இருபத்தைந்து அடிக்குக் கீழேயுள்ள நீரை மேலே இழுக்க முடியாது. வளிமண்டல அழுத்தம் அதற்குமேல் இடமளிப்பதில்லை. எனவே குழி ஆழமாக ஆழமாக, பம்பியையும் கீழே இறக்க வேண்டியதாகிறது. மின்சாரம் உள்ள இடத்தில் நீரினுள் அமிழ்ந்து இயங்கும் மின் பம்பியைப் பாவிக்கலாம். மின்கம்பம் எட்டாத வயல்வெளியிலும் தோட்டத்து ஓடைக்கரையிலும் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ இயங்கும் பம்பிதான் குழியின் நடுவில் பலகையடித்து வைக்கப்படுகிறது.

இதில் ஆபத்து உண்டென்பது குழியில் இறங்குவோருக்குத் தெரியாததல்ல. பம்பியின் சைலன்சரில் ஒரு குழாயை மாட்டிப் புகையை மேலே கொண்டுபோகும் ஏற்பாட்டை அவர்களே செய்துகொள்கிறார்கள். ஆனால் பழைய விமானத்தில் நிகழும் அதே கதை இங்கும் நிகழ்கிறது. அதிர்வினால் சைலன்சரின் அடிமூட்டு வெடிக்கிறது. கஸ்கட் கருகுகிறது. தகரத்தைச் சுற்றிக் கம்பியால் இறுக்கிவிட்டால் சத்தம் குறையும். சத்தம் குறைந்ததும் கசிவும் நின்றுவிட்டது என நினைப்பது பெருந்தவறு. குழாயின் மேல்முனையைக் குழிவாயிலின் விளிம்பிலேயே விட்டால், காற்றில்லாத நாட்களில் புகை மீண்டும் உள்ளே சென்று தேங்கும். வானத்தில் பறக்கும் விமானத்தின் மூடிய அறைக்குள்ளும் ஓரளவு காற்றோட்டம் உண்டு. நாலு அடி அகலக் குழியின் அடியிலும், அங்கிருந்து பக்கவாட்டில் செல்லும் சுரங்க வழியிலும் அதுகூட இல்லை.

குழிக்குள் காற்றைச் சோதிக்க எமது தொழிலாளர்கள் நெடுங்காலமாக மெழுகுதிரியை நம்பி வந்துள்ளனர். கொளுத்திய திரியைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அணைந்தால் இறங்கமாட்டார்கள், எரிந்தால் இறங்குவார்கள். மூதாதையரின் இந்த அறிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஒட்சிசன் குறைந்த குழியையும், காபனீரொட்சைட்டு தேங்கிய பழைய குழியையும் மெழுகுதிரி காட்டிக்கொடுக்கும். வளியில் 21 வீதமாக இருக்கும் ஒட்சிசன் ஏறத்தாழ 16, 17 வீதமாகக் குறையும்போது சுடர் அணைந்துவிடும். காபனோரொட்சைட்டின் விடயம் முற்றிலும் வேறானது. வளியில் நூற்றில் ஒரு பங்கு அவ்வாயு கலந்தாலே சில நிமிடங்களில் மனிதன் மயங்கி விழுந்து இறந்துவிடுவான். அதே ஒரு பங்கினால் ஒட்சிசனின் அளவு கால் வீதம்கூடக் குறையாது. ஆகவே சுடர் பிரகாசமாக எரிந்துகொண்டேயிருக்கும். பிணத்தின் அருகிலும் எரியும். பெற்றோல் ஆவி நிறைந்த குழிக்குள் எரியும் திரியை இறக்குவதன் விபரீதத்தை வேறு கூறவேண்டியதில்லை. நிலக்கரிச் சுரங்க மரணங்களில் இந்த வாயுவின் பங்கை பிரித்தானிய விஞ்ஞானி ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் 1890 களிலேயே எடுத்துக்காட்டினார். கனேரிக் குருவிகளைக் கூண்டில் எடுத்துச் செல்லுமாறு அவர் கூறியதும், சுடரினால் இதை அறிய முடியாது என்பதனாலேயே. அந்தக் குருவிகளுக்கு 1986 இல் ஓய்வு கொடுக்கப்பட்டு, அவற்றின் இடத்திற்கு மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன.

இவ்வாயு ஈமோகுளோபினுடன் பிணையும் வலிமை ஒட்சிசனைவிட இருநூறு மடங்கிலும் அதிகமானது. முதலில் தலையிடி, பின் குமட்டல், பின் தடுமாற்றம் ஏற்படும். மிகவும் கொடுமையானது என்னவெனில், ஆபத்து நேர்ந்துள்ளது என்பதை உணரும் அறிவே முதலில் மழுங்கிவிடுகிறது. கீழே இருப்பவர் குரல் கொடுப்பதில்லை. மேலே இருப்பவர், கூட்டாளி வழுக்கி விழுந்துவிட்டார் என எண்ணி இறங்குகிறார். அவரும் விழ, மூன்றாமவர் இறங்குகிறார். குழியிலும், கிணறு துப்புரவாக்கும் இடங்களிலும் ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாக உயிர்கள் போவது இவ்வாறுதான். உறவினர்களாக இருப்பதனாலேயே எவரும் தயங்குவதில்லை. இயந்திரத்தை நிறுத்தாமலும், காற்றை உள்ளே செலுத்தாமலும், இடுப்பில் கயிறு கட்டாமலும் இறங்குவது காப்பாற்றும் முயற்சியாகாது என்பதைப் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் தோட்டத் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் எடுத்துச் சொல்வது நல்லது.

தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்கு இன்னொரு ஒப்பீடு உடனே விளங்கும். கொழுந்து உலர்த்தும் இயந்திரத்துக்கு வெப்பக் காற்றை வழங்கும் அடுப்பும் அந்தப் பழைய விமானத்தின் சைலன்சர் உறையைப் போன்றதுதான். குழாய்களுக்கு ஒருபுறம் விறகுப் புகை, மறுபுறம் சுத்தமான காற்று. குழாய் வெடித்தால் தேயிலையில் புகைவாடை ஏறிவிடும். கொழும்பில் தேயிலையைச் சுவைத்துப் பார்ப்பவர் அதை ஒரே மிடறில் கண்டுபிடித்துவிடுவார். விலை வீழ்ந்துவிடும். அந்தப் பயத்தினால் அடுப்புக் குழாய்களைப் பரிசோதிப்பதில் தொழிற்சாலை அதிகாரிகள் கண்ணும் கருத்துமாக இருப்பதை நாம் அறிவோம். தேயிலைத் தூளின் நுரையீரலுக்கு இருக்கும் இந்தக் காவல், குழியில் இறங்குபவரின் நுரையீரலுக்கு இல்லாதிருப்பது வேதனைக்குரியதாகும்.

இதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழும்போது எல்லோரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். மாணிக்க அகழ்வு பெரும்பாலும் பங்கு முறையிலேயே நடைபெறுகிறது. காணிச் சொந்தக்காரருக்கு ஒரு பங்கு, அனுமதிப்பத்திரம் பெற்றவருக்கு ஒரு பங்கு, செலவைப் பொறுப்பேற்பவருக்கு ஒரு பங்கு, எஞ்சியது குழியில் இறங்குவோருக்கு. இதில் நீர்ப்பம்பி கொடுத்தவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை வாசகர்கள் நன்கு அறிவர். கல் அகப்பட்டால் பங்கு கேட்கும் பம்பிக்கு, அதன் சைலன்சர் வெடித்து ஒருவர் இறந்தால் பொறுப்பிலும் பங்கு இருக்க வேண்டுமல்லவா? குழியில் இறங்குபவர் கூலியாளாக அல்லாமல் பங்காளியாகக் கருதப்படுவதால், 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவரது குடும்பம் நிவாரணம் கேட்கும்போதே, அவர் தொழிலாளியா என்ற விவாதத்திற்கு இடமேற்படுகிறது. தோட்டச் சம்பளம் போதாமல் குழி வேலைக்கு வரும் இளைஞர்களின் குடும்பங்களுக்கு அந்த விவாதத்தை நடத்தும் வசதி எங்கே இருக்கிறது?

1993 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையே அகழ்வுக்கான அனுமதிப்பத்திரத்தை வழங்குகிறது. வேலை முடிந்தபின் குழியை மூடுவதற்கெனப் பிணைப்பணமும் பெற்றுக்கொள்கிறது. நிலத்தின் காயத்தை ஆற்றுவதற்கு இத்தகைய உத்தரவாதத்தைக் கோரும் அதிகாரசபை, எரிபொருள் பம்பியைக் குழிக்குள் இறக்குவதையும் அதே அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளால் கட்டுப்படுத்துவது சாத்தியமானதே. ஆழக் குழிகளுக்கு மின் பம்பி, தற்காலிக மின்னிணைப்பை விரைவாகப் பெற உதவி, அது இயலாத இடத்தில் காற்றூதும் கருவியும் மின்கலத்தில் இயங்கி ஒலியெழுப்பும் வாயு எச்சரிக்கைக் கருவியும் என்றவாறு அந்நிபந்தனைகள் அமையலாம். இக்கருவியின் விலை ஒரு கைத்தொலைபேசியின் விலையிலும் குறைவு. இரத்தினபுரி நகரில் ஒரு காலைப்பொழுதில் கைமாறும் கற்களின் பெறுமதியோடு ஒப்பிட்டால் அது பேசத்தக்க தொகையே அல்ல. அனுமதிப்பத்திரம் இன்றித் தோண்டுவோரிடம் இது எடுபடாது என்பார்கள். உண்மைதான். அவர்களை வியாபாரிகளும் பம்பி வாடகைக்கு விடுவோருமே அணுக முடியும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து நடத்தும் இந்த வர்த்தகத்தில், கருவியையும் பம்பியோடு சேர்த்தே கொடுப்பது என வியாபாரச் சங்கங்கள் தீர்மானித்தால் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு விடயத்தையும் இங்கு வற்புறுத்த வேண்டியுள்ளது. அவுஸ்திரேலிய விமான விபத்தில் காபனோரொட்சைட்டின் பங்கு உடனே தெரியவந்துவிடவில்லை. சந்தேகம் கொண்ட ஒரு விமான மருத்துவ நிபுணரின் ஆலோசனையின்பேரில், விபத்து நடந்து இரண்டு வருடங்களுக்கு மேல் கழிந்த பின்னர் 2020 இலேயே பாதுகாக்கப்பட்டிருந்த குருதி மாதிரிகள் பரிசோதிக்கப்பட்டன. அந்த மாதிரிகள் இல்லாதிருந்தால், வெடித்த வளையமும் மூன்று திருகாணிகளும் எவரது கவனத்தையும் ஈர்த்திருக்கப்போவதில்லை. குழி மரணங்களிலும் குருதியே சாட்சியாகும். உயிரோடு வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுபவர் விடயத்திலும், விரலில் மாட்டும் சாதாரண ஒட்சிசன்மானி ஏமாற்றிவிடும். காபனோரொட்சைட்டு பிணைந்த குருதியை ஒட்சிசன் நிறைந்த குருதியாக அது காட்டும் என்பதால், பம்பி ஓடிய குழியிலிருந்து தூக்கிவரப்பட்டவர் என்ற தகவலை அழைத்து வருவோர் முதலிலேயே வைத்தியருக்குக் கூறவேண்டும். தூய ஒட்சிசனைத் தாமதமின்றிக் கொடுத்தால் நஞ்சு விரைவாக வெளியேறும்.

இறந்தவர் விடயத்தில் ஒரு தயக்கம் நிலவுவதை நாம் உணர்கிறோம். ஜனாஸாவைக் காலந்தாழ்த்தாமல் நல்லடக்கம் செய்யவேண்டும் என்பது முஸ்லிம் குடும்பங்களின் நியாயமான அவசரம். பிரேதத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்ல வாகனக் கூலி தேடி அலையும் குடும்பத்துக்கும் வேறு அவசரங்கள் உண்டு. இதனால் மரண விசாரணை விரைவில் முடிந்தால் போதும் என எல்லோரும் எண்ணுகின்றனர். ஆனால் ஓர் ஊசியளவு குருதியை எடுத்து வைப்பதற்குச் சில நிமிடங்களே செல்லும், பகுப்பாய்வு அறிக்கை பின்னர் வரலாம். குழியில் பம்பி எந்த ஆழத்தில் இருந்தது, அதன் சைலன்சர் எந்த நிலையில் இருந்தது என்பதைப் பொலிஸார் அன்றைய தினமே பதிவுசெய்து, பம்பியைச் சான்றுப்பொருளாகப் பொறுப்பேற்க வேண்டும். குருதியில் காபனோரொட்சைட்டின் அளவு என்ன என்று மரண விசாரணை அதிகாரியிடமும் சட்ட வைத்திய அதிகாரியிடமும் கேட்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. பின்னாளில் நட்டஈடு கோரி அக்குடும்பம் எங்கு சென்றாலும் கையில் கொண்டுசெல்லக்கூடிய ஆவணம் அந்த அறிக்கை ஒன்றுதான்.